மோரிஸிடம் நான் கேட்டுக்கொண்டது

மகனே, ஸலாம். இதை நின்றுகொண்டே படிக்காதே. சாயங்காலக் கறவையை முடித்து, அந்தப் பச்சை ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் நடுவில் எங்கேயாவது இருமி, பேச்சை மாற்றி, கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் மத்தியான இடைவேளையில் டைப்பிங் சென்டரின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து இதைத் தமிழில் அடிக்கிறேன். ஷார்ஜாவில் உன்னோடு வளர்ந்த பிள்ளைகளில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். வெள்ளிக்கிழமைதோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த உன் உம்மாவின் உபயம் அது. மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. அவசரப்பட்டால் பாதியில் கோபம் வந்து போனை வைக்கோலுக்குள் வீசிவிடுவாய்.

சனிக்கிழமை நீ துபாய்க்கு விமானம் ஏறுகிறாய். அதற்குமுன் ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். மோரிஸ் பண்ணையை உனக்கு எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏன் கையெழுத்துப் போடாமல் நாள் கடத்தினார் என்று நீ என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் எனக்கென்ன தெரியும் என்றேன். எனக்குத் தெரியும். பத்து மாதமாகத் தெரியும். அதைச் சொல்லாமல் வைத்திருந்த பத்து மாதத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஏனென்றால் எடை கூடித்தான் இருக்கிறேன். ஆனால் நிம்மதியாக ஒரு நாள் இருந்ததில்லை.

முதலிலிருந்து வருகிறேன். நீ அந்த ஊருக்குப் போனது ஆறு மாதப் பயிற்சிக்கு. பால் பதப்படுத்தும் படிப்பில் கடைசி ஆறு மாதம் ஏதாவதொரு பண்ணையில் இருந்தாக வேண்டும் என்றாய். பிரான்ஸ் என்றதும் நான் கண்ணாடிக் கட்டடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பாய் என்று நினைத்தேன். நீ அனுப்பிய முதல் படத்தில் முழங்கால் வரைக்கும் சாணி. அந்தப் படத்தை நான் சென்டரில் யாரிடமும் காட்டவில்லை, உன் உம்மா மட்டும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆறு மாதம் ஆறு வருஷம் ஆனது. சம்பளத்துக்கு இருந்தவனை மோரிஸ் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். அவருக்கு எழுபதை நெருங்குகிறது, மனைவி இல்லை, ஒரே மகன் பட்டணத்தில் இருக்கிறான், மாட்டுப் பக்கமே வரமாட்டான். மாடுகள், மேய்ச்சல் நிலத்தின் குத்தகை, சீஸ் முதிரவைக்கிற நிலவறை எல்லாவற்றையும் உன் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போகிறார் என்றும், செப்டம்பரில் நோட்டரி முன்னால் கையெழுத்து என்றும் நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏப்ரலில் பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பி வந்ததெல்லாம் அந்தப் பயத்தால்தான்.

உன் ஊரில் நாற்பது வீடு இருக்குமா? துபாய் தேராவில் நம் சென்டர் இருக்கிற ஒரு கட்டடத்தில் அதைவிட அதிக ஜனம். ஒரு சர்ச்சு, ஊராட்சிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். கடை என்று ஒன்று கிடையாது. ரொட்டி வண்டி வாரத்தில் மூன்று நாள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது, அதற்குத்தான் ஊரே வெளியே வருகிறது. எதிரே யார் வந்தாலும் போன்ஜூர் சொல்லவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்தாய். எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷமாகத் தெரியாத ஆளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி, பெண்கள் எதிரே வந்தால் தரையைப் பார்த்து நடந்து பழகியவன் நான். ஒரு அம்மாள் நின்று போன்ஜூர் சொல்ல, நான் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டேன். அவர் சாயங்காலம் உன்னிடம் வந்து, உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் என் பிள்ளைக்கு நெஞ்சுவலி என்றால் யார் வருவார், பனிக்காலத்தில் பாதை மூடிவிட்டால் என்ன செய்வான், மௌத்து நேர்ந்தால் குளிப்பாட்டக்கூட ஒரு முஸ்லிம் கிடைப்பானா என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். இதெல்லாம் ஒரு தகப்பன் யோசிக்கிற விஷயமா என்று கேட்பாய். தகப்பன் யோசிப்பது இதை மட்டும்தான்.

மோரிஸைப் பார்த்த மாத்திரத்தில் நான் எழுந்து நின்றேன். அடுத்த முறை வந்தபோதும் எழுந்தேன். அவர் அடுக்களைக்குள் வந்தால் நான் எழுவதும், அவர் வெளியே போனபின் உட்காருவதுமாக இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவர் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து அமுக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நீ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய், அவர் தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே சொன்னாய், ஒரு மாட்டின் கால் விஷயமாகச் சத்தம்கூடப் போட்டாய். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் கண்ணுக்கு அவர் மோரிஸாகத் தெரியவில்லை, கஃபீலாகத் தெரிந்தார். யார் கையில் உன் விசாவும் வேலையும் வீடும் இருக்கிறதோ அவர்தான் கஃபீல், அவரிடம் குரல் உயர்த்தினால் மறுநாள் டிக்கெட். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். அவர் பன்றிக்கறியைத் தனித் தட்டில் தூரமாக வைத்துக்கொண்டதையும், வைக்கோல் பரணில் நீ தொழுவதற்கென்று ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்ததையும் நான் பார்க்காமலில்லை. நல்ல மனிதர் என்று அப்போதே தெரியும். கெட்டவராக இருந்தால் நான் பின்னால் கேட்டதைக் காதிலேயே போட்டுக்கொண்டிருக்கமாட்டார்.

என் தொழிலைப் பற்றி நீ என்றைக்கும் பெரிதாக நினைத்ததில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. அரபியிலும் இங்கிலீஷிலும் அடுத்தவர்களின் விண்ணப்பத்தை அடித்துக்கொடுக்கிற வேலை. அதில் நான் அதிகமாக அடித்தது என்ஓசி. ஆட்சேபணை இல்லை என்று ஒருவர் இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போட்டுத் தரும் கடிதம். வேலை மாற கம்பெனியின் ஆட்சேபணை இல்லை, லைசென்ஸ் எடுக்க ஸ்பான்சரின் ஆட்சேபணை இல்லை, மனைவி வேலைக்குப் போகப் புருஷனின் ஆட்சேபணை இல்லை. ஒரு மனிதனுடைய காரியம் நடக்கவேண்டுமென்றால் அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை, கையெழுத்துப் போடுகிறவரிடம் பேசவேண்டும். நிற்கவேண்டுமென்றாலும் அதே வழிதான். அவன் காதுக்கே எட்டாமல் அவன் ஃபைல் அப்படியே நின்றுவிடும். இதை முப்பது வருஷம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, மகனிடம் மனம்விட்டுப் பேசவேண்டும் என்று தோன்றவில்லை. மோரிஸிடம் பேசவேண்டும் என்றுதான் தோன்றியது.

தோன்றிய நேரம்கூட ஞாபகம் இருக்கிறது. ஐந்தாம் நாள், நீ கறந்துகொண்டிருந்தாய், நான் கதவோரம் நின்று, உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் கறப்பார்கள் என்று கேட்டேன். நானேதான் என்றாய். ஊருக்கு அவசரமாக வரவேண்டியிருந்தால் என்று கேட்டேன். மாட்டின் முதுகில் தட்டிவிட்டு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "மாட்டுக்கு லீவு கிடையாது வாப்பா. ரெண்டு வேளை, வருஷம் முழுக்க."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு என் வாப்பா ஞாபகம் வந்துவிட்டார். அவர் கீழக்கரையில் மௌத்தானபோது நான் இங்கே வந்து இரண்டு வருஷம். பாஸ்போர்ட் கஃபீலிடம் இருந்தது. கஃபீல் வேட்டைக்கென்று வெளிநாடு போயிருந்தார். ஆபீசிலிருந்தவர்கள், அவர் வரட்டும், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் என்றார்கள். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டோம் என்று என் தம்பி போனில் சொன்னபோது நான் யாரோ ஒருவரின் விசா விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். நாலு மாதம் கழித்து ஊருக்குப் போனேன், மையவாடியில் அவரை அடக்கிய இடத்தில் மண் காய்ந்து போயிருந்தது. எனக்கு வெறும் கஃபீல் ஒருவர், அவரும் என்றைக்காவது வேட்டையிலிருந்து திரும்பி வருவார். உனக்கு முப்பத்தெட்டு மாடு, ஒரு நாளும் விடாது. நான் போகும்போது நீ வரமாட்டாய் என்று அந்தக் கதவோரத்தில் எனக்கு நிச்சயமாகிவிட்டது. உன் பனி, உன் தனிமை, உன் ஹலால் சாப்பாடு என்று உன் பேரில் போட்ட பயமெல்லாம் மேலே பூசியது. அடியில் இருந்தது இதுதான். நான் எனக்காகப் பயந்தேன்.

சனிக்கிழமை நீ சந்தைக்கு சீஸ் எடுத்துக்கொண்டு போனாய். மோரிஸ் முற்றத்தில் வேலிக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் போனில் இங்கிலீஷில் அடித்து அதை பிரெஞ்சாக்கி அவரிடம் நீட்டினேன். என் தொழில் புத்தி பார், அதையும் விண்ணப்பம் மாதிரியே அடித்திருந்தேன். மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்று ஆரம்பம். இந்தப் பண்ணையை என் மகனுக்குக் கொடுக்காதீர்கள். அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. நாங்கள் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் மனம் மாறிவிட்டதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுவான். நான் கேட்டுக்கொண்டது அவனுக்குத் தெரியவேண்டாம். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். மேலேயிருந்து மறுபடி படித்தார். பிறகு தன் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினார். "அவனுக்குத் தெரியுமா?" நான் தலையாட்டி இல்லை என்றேன். போனை என் கையில் வைத்துவிட்டுக் கம்பியைச் சுற்றப் போய்விட்டார். மத்தியானம் எப்போதும்போல எனக்கு ரொட்டி வெட்டிப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப்பின் நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. செப்டம்பரில் கணக்காளருக்கு உடம்பு சரியில்லை என்றார். நவம்பரில், பனிக்காலம் போகட்டும் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், உன் கண்ணைப் பார்க்காமல் நழுவியிருக்கிறார். நீ என்ன செய்வாய் பாவம், ஊரையே சந்தேகப்பட்டாய். நான் கறுப்பு, வெளிநாட்டுக்காரன், முஸ்லிம், அதனால்தான் பெரியவர்கள் கூடிப் பேசி அவர் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்று டிசம்பரில் என்னிடம் சொல்லி அழுதாய். வாலண்டியராக இருந்த தீயணைப்புக் குழுவிலிருந்து விலகினாய். ஊர் விருந்துக்குப் போகவில்லை. ரொட்டி வண்டி வந்தால் மோரிஸையே அனுப்பினாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் திறந்தேன், இப்படிச் சொல்வதற்கு: "நாம எங்க போனாலும் வெளியாளுதான்பா. முப்பது வருஷம் இருந்து பார்த்தவன் சொல்றேன்." மோரிஸிடம் கேட்டுக்கொண்டதைக்கூடப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் பயத்தில் சொல்லவில்லை. ஒரு பாவமும் அறியாத நாற்பது வீட்டுக்காரர்கள்மேல் பழியைத் தூக்கிப் போட்டு, அதை உன் வாயாலேயே சொல்லவைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று உன்னிடம் விசாரித்த அந்த அம்மாளும் அதில் சேர்த்தி.

இதற்கிடையில் நான் சும்மா இருந்தேனா? அல் ஐன் பக்கம் பாலைவனத்தில் கொட்டகை போட்டு, மேலேயிருந்து தண்ணீரைப் புகைமாதிரி தூவி ஆயிரக்கணக்கில் மாடு வளர்க்கும் ஒரு பெரிய பால் கம்பெனியில் உனக்கு வேலை பார்த்துவைத்தேன். சென்டருக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவர் அங்கே மேனேஜர். மாடுதானே வேண்டும், இங்கேயும் மாடு இருக்கிறது, ஷிஃப்ட் உண்டு, வருஷத்துக்கு ஒரு மாதம் லீவும் உண்டு என்று உன்னிடம் சாதுரியமாக எடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் எனக்கு விசா முடிகிறது, வயது காரணமாக இனிப் புதுப்பிக்கமாட்டார்கள், நாங்கள் இரண்டுபேரும் கீழக்கரைக்குப் போனால் நீ நாலுமணி நேர விமானத்தில் வந்து சேர்கிற தூரத்தில் இருப்பாய் என்று என் மனதுக்குள் எல்லாம் ஒழுங்காக அடுக்கிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன், உன் போன் வந்தது. நீ அழவில்லை, கோபப்படவில்லை. சாவதானமாகச் சொன்னாய். "நீங்க சொன்னதுதான் சரி வாப்பா. இவங்களை நான் நம்பியிருக்கக் கூடாது. சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்." நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. போனை வைத்தபின் உட்காரப்போன இடத்தில் உட்கார முடியாமல் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். ஆறு வருஷத்தில் உன்னிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரல் அது. எனக்கு அது பழக்கமான குரல்தான், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, பரவாயில்லை சார், என் தலையெழுத்து என்று பேப்பரை மடித்துக்கொண்டு போகிறவர்களின் குரல்.

உன் உம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சாலனைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, அவன் குரல் ஏன் அப்படி இருந்தது, ஸ்பீக்கரில் கேட்டேனே என்றாள். நான் சொல்லிவிட்டேன். ஏப்ரல் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்குச் செஞ்சதையே அவனுக்கும் செஞ்சிருக்கீங்க" என்றாள்.

அது உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது எட்டு வயது. ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உன் உம்மாவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. இன்டர்வியூவுக்குப் போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் எனக்காகக் காத்திருந்து சொன்னாள். என் விசாவில் இருக்கிறவள் வேலைக்குப் போக என்னுடைய என்ஓசி வேண்டும். ஊருக்கெல்லாம் அதை அடித்துக்கொடுக்கிறவன் நான், என் பெண்டாட்டிக்கு அடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நீ பள்ளிவிட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும், ஊரில் நாலுபேர் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குடைந்தது. அதை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், நான் தோற்றிருப்பேன். அதனால் சொல்லவில்லை. இன்றைக்கு சிஸ்டம் டவுன், நாளைக்கு ஸ்டாம்ப் இல்லை என்று மூன்று வாரம் கடத்தினேன். பள்ளிக்கூடம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பாவம், உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று ஆறுதல்வேறு சொன்னேன். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் சொன்னாள். பக்கத்து பிளாட்டுப் பெண்ணுக்கு அதே வாரத்தில் நான் என்ஓசி அடித்துக்கொடுத்ததை அந்தப் பெண்ணே வந்து சொல்லியிருக்கிறாள். "அன்னைக்கே கேட்டிருக்கணும். பிள்ளை முன்னாடி உங்க தலை தாழக்கூடாதுன்னு விட்டேன். அது என் தப்பு. அவனுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

நானே சொல்கிறேன் என்றேன். அதற்குமுன் மோரிஸுக்கு எழுதினேன். இந்தத் தடவை மதிப்பிற்குரிய ஐயா எல்லாம் போடவில்லை. நான் செய்தது தவறு, என் மகனுக்குச் சேரவேண்டியதை அவனுக்குக் கொடுங்கள் என்று இரண்டே வரி. இன்று காலையில் பதில் வந்தது. மொழிபெயர்ப்பில் கோணல்மாணலாக வந்ததை என் தமிழில் சொல்கிறேன். அவர் மறுக்கவில்லையாம், காத்திருந்தாராம். தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டவன் என்று பேர் வாங்க அவருக்கு மனம் வரவில்லையாம். நோட்டரியிடம் வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், உனக்குத் தெரியாது. கடைசியாக இப்படி எழுதியிருந்தார்: "காரணத்தை அவனிடம் சொல்லவேண்டியவன் நான் அல்ல. நீங்கள் சொல்லாவிட்டால் சனிக்கிழமை நானே அவனை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவேன். வழியில் எதுவும் சொல்லமாட்டேன்." பத்து மாதமாக என் ரகசியத்தைத் தன் வாயில் அடக்கிக்கொண்டு உன் சந்தேகத்தையெல்லாம் தாங்கிக்கொண்ட மனிதர் அவர். அவர்மேல் கோபப்படாதே. கோபம் முழுவதற்கும் சொந்தக்காரன் இங்கே உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. வாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து, அவன் உனக்குப் பிடிக்காத ஒரு வழியில் போனால், அவனை நேருக்கு நேர் நிறுத்திச் சண்டை போடு. கத்து, அழு, பட்டினி கிட. அவன் முதுகுக்குப் பின்னால் யாரிடமும் போய் நிற்காதே. உனக்கு நான் சொல்ல யோக்கியதை உள்ள புத்திமதி இது ஒன்றுதான். ரொட்டி வண்டி வரும்போது நீயே போ. அந்த அம்மாளைப் பார்த்தால் என் பங்குக்கும் சேர்த்து இரண்டு போன்ஜூர் சொல்லு. தீயணைப்புக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேள். காரணம் கேட்டால் என்னைச் சொல்லு, எனக்கு அவர்களிடம் காப்பாற்றவேண்டிய கௌரவம் ஒன்றும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை நோட்டரி முன்னால் உட்கார்ந்ததும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. உன் பேர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கிறதா பார். குத்தகை எத்தனை வருஷம், யார் எப்போது முறிக்கலாம் என்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லு. காலியாக விட்ட இடம் இருந்தால் கோடு போட்டு அடி. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் உன் சின்னக் கையெழுத்து இருக்கவேண்டும். மோரிஸ் நல்லவர்தான், ஆனால் பேப்பர் நல்லவர் கெட்டவர் பார்க்காது. இதையெல்லாம் படித்துவிட்டு நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரியும். முப்பத்தொரு வருஷத் தொழில், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் இன்னொரு பொய் சொல்லமாட்டேன். பாதையில் ஐஸ் உறைந்திருக்கும், சரிவில் டிராக்டர் ஓட்டுகிறாய், பொலிகாளை இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. எல்லாப் பயமும் அப்படியே இருக்கிறது. இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன், உன் தலையில் இறக்கமாட்டேன். சனிக்கிழமை விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நீ தள்ளுவண்டியோடு வெளியே வருவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. நேற்று உன் உம்மா உன் அறைக்குப் புதுப் போர்வை எடுத்து வைத்துவிட்டு, பிறகு அவளே திரும்ப அலமாரியில் வைத்தாள். நீ வராதே. டிக்கெட்டை கேன்சல் செய்.

நாளைக்கு எனக்கு ஒன்று ஆகி, என் தம்பி, உன் சின்னாப்பா, போன் செய்வார். அது உன் கறவை நேரமாக இருந்தால், எழுந்து ஓடாதே. நம் ஊரில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்கமாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது, உனக்காகவும்தான். நீ வந்து சேராவிட்டால் அதை உன் குற்றமாக நான் எழுதிக்கொள்ளவில்லை, இப்போதே சொல்லிவிட்டேன், நீயும் எழுதிக்கொள்ளாதே. மாட்டின் மடி கனத்திருக்கும், நேரத்தில் கறக்காவிட்டால் வலியில் கத்தும். முதலில் முப்பத்தெட்டையும் கறந்து முடி. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, அந்த வைக்கோல் பரணில் நின்று எனக்காகத் தொழு.